ஹவில்தார் போர்வையின் நடுத்துண்டு

எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கிராமசபைக் கூட்டத்தில், மைக் வைத்து, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு. ஆரஞ்சு நிறத்தில் ஜரிகை மினுக்கும் அந்தத் துணி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும் முன்பெல்லாம் காட்டியிருக்கிறேன். மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர்களுக்குக் கையால் போர்வை தைத்துக் கொடுத்ததற்கான மரியாதை அது. அந்தப் போர்வைகளில் நான் செய்த காரியத்தை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு லேசாக வேண்டாம். எழுதாமல் விட்டால் பொன்னாடையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவேனோ என்ற பயம்தான்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம். நான் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறவள். என் அப்பா மிலிட்டரியில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்து இருபது வருஷம் எங்களோடு இருந்தார். எங்கள் ஊர் மார்கழிப் பனி என்ன பெரிய பனி? வெயில் ஏறினால் போய்விடும். அதற்கே அவர் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, ரெண்டு போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'அங்க பட்ட குளிரு எலும்புல பூந்துடுச்சி, இனிமே எங்க போவும்' என்பார். அவர் போன மறு வருஷம் மார்கழியில், அவருடைய போர்வையை மடித்து வைக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் மிலிட்டரியில் இருந்து வந்தவர்கள் பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்துக் கொடுத்தால் என்ன?

கடையில் வாங்கிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஒரு பழைய நூல் புடவையோ வேட்டியோ வாங்கி, சாண் அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளே ரெண்டு புடவையை மெத்தென்று வைத்து, மேலே முழுக்க ஓட்டுத் தையல் போடுவது. அதாவது ஒவ்வொரு போர்வையிலும் ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுத் துணியும் இருக்கும். ஊரே சேர்ந்து ஒரு மனுஷனைப் போர்த்தின மாதிரி. மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கைதட்டினார்கள். எனக்குப் பாராட்டு என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம்.

ஊருக்குள் நானே வீடு வீடாகப் போனேன். காலனிக்குப் போகவில்லை. ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் ஐந்து நிமிஷ நடைதான். 'நீங்களே கொண்டாந்து குட்த்துடுங்க' என்று சொல்லி அனுப்பினேன். கொண்டுவந்தார்கள். ஊரில் சில வீட்டில் கரித்துணியாகிற நிலையில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். காலனியிலிருந்து வந்த துணி ஒவ்வொன்றும் துவைத்து, மடித்து, சிலது இஸ்திரிகூடப் போட்டு வந்தது. அதையெல்லாம் தனி மூட்டையாகக் கட்டி, வாயில் சிவப்புக் கயிறு போட்டேன். ஊர் மூட்டைக்கு வெள்ளைக் கயிறு.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என்னோடு தைக்க வந்த ஐந்து பேரும் ஊர்ப் பெண்கள்தான். அவர்களும் ஏன் ரெண்டு மூட்டை என்று கேட்கவில்லை. சிவப்புக் கயிற்று மூட்டையிலிருந்து மூன்று போர்வை வரும், காலனியில் இருக்கிற மூன்று மிலிட்டரிக்காரர்களுக்கு அது சரியாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். வேலை சுலபமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் கத்தரி இருக்கும்போது இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொள்வது ரொம்பச் சுலபம்.

அந்த மூன்று பேரில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இங்கே அவரைப் பெரியவர் என்று எழுதுகிறேன். நேரில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிட இருபது வயசு மூத்தவர். அவர் என்னை 'நீங்க' என்பார், நான் அவரை 'நீ' என்பேன். எங்கள் ஊரில் அது யாருக்கும் விசேஷமாகத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்ததில்லை. அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்கோடியில் இன்னொரு ஹவில்தார் இருந்தார், எனக்குப் பெரியப்பா முறை. இருவரும் ஒரே ரெஜிமெண்ட், ஒரே ரேங்க். ஆனால் ஊரில் 'ஹவில்தார்' என்றால் எங்கள் பெரியப்பா மட்டும்தான். மற்றவரை வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஹவில்தாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். டாக்டர் நாள் கணக்குச் சொல்லிவிட்டதாக மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே தையல் நடந்துகொண்டிருந்தது. நான் வாசலுக்குப் போனேன்.

"இன்னா, துணியா? உங்க வூட்லருந்துதான் வந்துடுச்சே" என்றேன்.

"அது எங்க வூட்டம்மா குட்த்தது. இது நான் குடுக்கறது" என்று பையிலிருந்து எடுத்தார். மிலிட்டரிப் பச்சையில் ஒரு சட்டை. தோள்பட்டையிலும் முழங்கையிலும் வெளுத்திருந்தது. சட்டைப் பையின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் அழியாத மையில் நான்கு எண்கள். மிலிட்டரியில் துணி மாறிவிடாமல் இருக்க அவரவர் நம்பரின் கடைசி நான்கு எண்ணை இப்படி எழுதிவைப்பார்கள். அப்பா துணியிலும் பார்த்திருக்கிறேன்.

"இத்த அவுரு போர்வைல வெச்சித் தைங்கம்மா. ஹவில்தாரு போர்வைல. பையோட அப்பிடியே வெட்டி நடுவுல வெச்சிடுங்க. நெஞ்சு மேல வராப்புல."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"மேல போஸ்ட்ல ஒரு குளிர்காலம் பூரா நாங்க ரெண்டு பேரும் ஒரே பங்கர்லதாம்மா இருந்தோம். ஒரு தபா எல்லாம் நனைஞ்சி பூட்சி. காய்ஞ்சது ஒரே ஒரு போர்வ. அத்த ரெண்டு பேரும் போத்திக்கினு படுத்தோம். நம்ம ஊரு கதையாவே பேசிக்கினு கெடப்போம். லீவுக்கும் ஒண்ணாத்தான் வருவோம். செங்கல்பட்டு வரிக்கும் ஒரே பொட்டலத்துல சாப்புடுவோம். உத்திரமேரூரு பஸ்ஸு ஏறுனா அவுரு முன்னாடி சீட்டு, நான் பின்னாடி சீட்டு. ஊரு ஸ்டாப்புல அவுரு எறங்கிக்குவாரு, நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வருவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். யாருக்கோ நடந்த வேடிக்கையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "இப்ப அவுரு கெடக்கறாருன்றாங்க. நான் போயி பாக்கற எடம் இல்ல அது. சட்டையாவது போவட்டும். போறதுக்குள்ள ஒரு தபா அவுரு மேல கெடக்கட்டும்."

அப்போது எனக்குக் கண் கலங்கியது நிஜம். "ஆவட்டும், வெச்சித் தச்சிடறேன், நீ போ" என்றேன். நீ போ.

உள்ளே கொண்டுபோய் சட்டையை மிஷின் மேல் வைத்தேன். யாருடையது என்று ஒருத்தி கேட்டாள், சொன்னேன். அவள் 'ஓ' என்றாள். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள்மேல் பழி போட்டுக்கொள்ளலாம்; இந்த எழுத்துக்கே அவசியம் இருந்திருக்காது. ஹவில்தார் வீட்டில் ஏதாவது சொன்னால் என்று நானேதான் நினைத்தேன். நெஞ்சு மேல் வேறு வரவேண்டுமாம். நாளைக்கு மருமகள் வந்து, தெரிந்தே இப்படி வைத்தாயா என்று தெருவில் நின்று கேட்டால்? குழுவில் நான் எப்படித் தலை நிமிர்ந்து இருப்பேன்? ரெண்டு நாள் சட்டை மிஷின் மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. இதைப் பெரியவரின் போர்வையிலேயே நடுவில் வைத்துவிட்டால்? அவருடைய சட்டை, அவருக்கே பெருமைதானே. பையைக் கோணாமல் வெட்டி, சுற்றிலும் ரெட்டைத் தையல் போட்டு, பதினோரு போர்வையிலும் அழகான போர்வையாக அதைத் தைத்தேன். இவ்வளவு நன்றாகத் தைத்துக் கொடுத்தால் கேட்டதை மறந்துவிடுவார் என்று நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் பச்சைச் சட்டையும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஊரையெல்லாம் துணி கேட்ட எனக்கு அதில் கத்தரி வைக்க மனசு வரவில்லை. பழைய புடவை ஒன்றைக் கொடுத்து என் பங்கை முடித்துக்கொண்டேன்.

ஜனவரி இருபத்தாறு கிராமசபையில் போர்வைகளைக் கொடுத்தோம். மடித்து, ரிப்பன் கட்டி. நான் பேசினேன். "ஒவ்வொரு போர்வையிலும் நம் ஊரின் எல்லா வீட்டுத் துணியும் இருக்கிறது" என்று மைக்கில் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு உறுத்தவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. ஹவில்தாருக்கானதை மருமகள் வாங்கிக்கொண்டாள். பெரியவர் வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். போர்வையை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஆரஞ்சுப் பொன்னாடை.

மறுநாள் காலை கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை எங்கள் சிமெண்டுத் தரையில் விரித்தார். நடுவில் அவருடைய சட்டைப் பை.

"நான் குட்த்தத எனுக்கே குட்த்துட்டீங்களேம்மா" என்றார்.

அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக விரல் வைத்தார். "இது எங்க பெரிய மருமவ பொடவ. இது எங்க தம்பி பொண்டாட்டிது. இது பக்கத்து வூட்டு வேட்டி. இது சர்ச்சாண்ட கீற டீச்சரம்மாது. எல்லாம் எங்க தெருவுதான். எல்லா வூட்டு துணியும் கீதுன்னு நேத்து சொன்னீங்க. உங்க வூட்டு துணி இதுல எங்கம்மா கீது?"

"மாறிப் பூட்ச்சி" என்றேன். "மூட்ட மாறிப் பூட்ச்சி. அவசரத்துல..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும், தெரியும் என்று எனக்கும் தெரியும். "மாறும். இத்தினி துணில மாறத்தான் செய்யும்" என்றார். "இப்பயாவது பிரிச்சி அவுருதுல வெச்சிடுங்க. நான் உக்காந்துக்கினு கீறேன்."

அவர் முன்னாலேயே பிளேடு வைத்துப் பிரித்தேன். நான் பெருமையாகப் போட்ட ரெட்டைத் தையல் லேசில் வரவில்லை. பிரித்ததும் போர்வையின் நடுவில், உள்ளே வைத்த பழம்புடவை தெரிய ஒரு பள்ளம். "இதுல வேற துணி வெச்சித் தரேன்" என்றேன். "அது கெடக்கட்டும். மொதல்ல அத்தப் பாருங்க" என்று போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஊசி நூலோடு ஹவில்தார் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சரியாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் போனேன். நம்புங்கள். மருமகள் நல்லவிதமாக 'வாங்கக்கா' என்றாள். ஹவில்தார் போர்வையை மார்புவரை போர்த்திப் படுத்திருந்தார். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, நடுவில் இருந்த கத்திரிப்பூ நிறத் துண்டின் மேலேயே பச்சைத் துண்டை வைத்துத் தைக்கத் தொடங்கினேன்.

"இன்னாக்கா, மிலிட்டரி துணி? யாருது?" என்று கேட்டாள் மருமகள்.

ஊசி பாதியில் நின்றது. ஒரு பேர். ஒரே ஒரு பேரைச் சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை 'அப்பிடியாக்கா' என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போயிருப்பாளோ என்னவோ. அதைப் பார்க்கக்கூட நான் பொறுக்கவில்லை.

"எங்க நைனாவுது" என்றேன்.

"ஐயோ, பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்றாள்.

நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஹவில்தாரின் இடது கை நகர்ந்து வந்தது. விரல்கள் பையைத் தடவின. பை மூடியைக் கஷ்டப்பட்டுத் திருப்பினார். உள்பக்கம் இருந்த நான்கு எண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேச முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, பேச்சில்லாத அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தேன். அவர் மூடியை மூடிவிட்டு, உள்ளங்கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"உங்க நைனா ஞாபகம் வந்துடுச்சி பாருங்க" என்றாள் மருமகள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். "தச்சிட்டீங்களாம்மா?"

"தச்சிட்டேன். தடவித் தடவிப் பாத்தாரு. கண்ல தண்ணி."

"நம்பரப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"வூட்ல இன்னா சொன்னாங்க? என்னுதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன். "ஒண்ணும் சொல்லல. சந்தோசம்தான்."

அவர் முகம் மலர்ந்ததே, அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல" என்றார். ரெண்டு தடவை சொன்னார்.

என் பொய் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் யோசிக்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டவர்கள் ஆளை வேண்டாம் என்றா சொல்வார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில், மெடல் குத்திய அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ரெண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு, ஹவில்தாரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

நான் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மருமகளின் குரல் கேட்டது. "அக்கா, கொஞ்சம் வாங்களேன்." போனேன். பெரியவர் வாசற்படிக்குக் கீழே நின்றிருந்தார், ஆப்பிள் பையோடு. மருமகள் நிலையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவுரு இன்னாமோ சொல்றாருக்கா. மாமா போர்வைல கீறது இவுரு சட்டையாம். நீங்க உங்க நைனாவுதுன்னுதான சொன்னீங்க?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலும் போர்வையும் போர்வை மேல் அந்த இடது கையும் தெரிந்தன. பேச்சுத்தான் இல்லையே தவிர, ஹவில்தாருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு ஆள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள அந்த நேரம் போதும்.

"இல்லம்மா" என்றார் பெரியவர், மருமகளைப் பார்த்து. "நான்தான் தப்பா சொல்லிட்டேன். நானும் ஒரு சட்ட குட்த்தேன், அது எங்க போர்வைல கீது. வயசாச்சில்ல, கொயம்பிப் போச்சி. அது அவுங்க நைனா சட்டதான்."

"அதான பாத்தேன்" என்றாள் அவள். ஆப்பிளை வாங்கிக்கொண்டாள். "தூங்கறாரு, இன்னொரு நாளைக்கி வாங்க" என்றாள். ஹவில்தார் தூங்கவில்லை.

தெருமுனை வரை அவர் பின்னாலேயே ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான். "எனுக்காக நீங்க..." என்று தொடங்கினேன். முதல் தடவையாக 'நீங்க' என்று வந்தது. இவ்வளவு காலமும் எங்கே இருந்ததோ.

அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்: "உங்களுக்காக ஒண்ணும் சொல்லல. என்னுதுன்னு தெரிஞ்சா பிரிச்சிப் போட்டுட்டா இன்னா பண்றது? அந்தாளுக்குக் குளிருது."

மூன்று வாரத்தில் ஹவில்தார் போய்விட்டார். போர்வையோடுதான் பாடையில் வைத்தார்கள். என் அப்பாவின் சட்டை அவரோடு போவதாகத் தெருவே பேசியது. நாலு பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெரியவர் ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றிருந்தார். பாடை கடந்துபோகும்போது விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். ஊர்வலம் போன பிறகும் கையை இறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் சட்டையை எடுத்தேன். பெரியவரின் போர்வையில் இருக்கிற பள்ளத்தில் இதை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கத்தரி, ஊசி, பச்சை நூல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருக்கிற நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காலனிக்குள் நடந்து போனேன். வீடு எது என்று ரெண்டு இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது.

அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் இருந்தவரை வெளியே வரவில்லை. பெரியவர்தான் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த பள்ளத்தை அந்த அம்மா தன் நீலப் புடவைத் துண்டை வைத்து மூடியிருந்தார். என் தையலைவிட நெருக்கமான தையல்.

சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்க நைனாவுது, நெசமாவே. உங்க போர்வைல வெச்சித் தைக்கறேன்" என்றேன். "எல்லார்ட்டயும் உண்மைய சொல்லிடறேன்" என்றும் சொன்னேன்.

அவர் சட்டையை வாங்கினார். பை மூடியைத் திருப்பி அப்பாவின் நம்பரைப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் மறுபடி என் கையிலேயே கொடுத்தார்.

"இத்த எடுத்துக்கினு போயி பத்தரமா வெச்சிக்குங்க. யாருக்கும் காட்டாதீங்க" என்றார். "ஊரப் பொறுத்தவரிக்கும் உங்க நைனா சட்ட ஹவில்தாரோட எரிஞ்சி பூட்ச்சி. இன்னொண்ணு கீதுன்னு தெரிஞ்சா நீங்க மாட்டிக்குவீங்க."

அவர் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அதை அவர் நம்பவில்லை. நம்பாதது சரிதான். மூன்று வருஷம் ஆகிறது, நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சட்டை பீரோவில் அடித்தட்டில், பழைய பாவாடைகளுக்குக் கீழே இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்து பொன்னாடையைக் காட்டச் சொன்னால், அப்பாவின் சட்டை வெளியே தெரிந்துவிடாமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டுதான் எடுக்கிறேன்.